சிரிப்பாக வந்த பயம்

இந்த ஆண்டு ஜனவரி ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மார்கழி இருபத்திரண்டு. காலை ஐந்து மணி பத்து நிமிடம். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் தெருமுனைப் பேருந்து நிறுத்தம். கடும் பனி. அந்த நிறுத்தத்தில் நின்றால் எதிர்ப்பக்கம் ஆறு விளக்குக் கம்பங்கள் தெரிய வேண்டும். அன்று இரண்டுதான் தெரிந்தன. மூன்றாவது இருக்கிறதா இல்லையா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

எனக்கு வயது எழுபத்திரண்டு. கூட்டுறவு வங்கி ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். கோயிலில் நான் சாமியைச் சுற்றுவதில்லை, சுற்றைத்தான் எண்ணுகிறேன் என்று என் மனைவி சொல்வாள். வீட்டுச் செலவு எழுதும்போது 'அவசியம்', 'வீண்' என்று இரண்டு தலைப்பு போடுவேன். பெரும்பாலும் வீண் பக்கம்தான் நீளும்.

மார்கழிச் செவ்வாய்களில் வல்லக்கோட்டை முருகனைப் போய்ப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். அன்று மனைவிக்கு முழங்கால் வலி என்பதால் நான் மட்டும் கிளம்பினேன். கையில் அர்ச்சனைப் பை. அதில் தேங்காய், ஆறு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கற்பூரம். வயிற்றில் ஒன்றும் இல்லை. அர்ச்சனை முடிந்த பிறகுதான் சாப்பாடும் சர்க்கரை மாத்திரையும். போகிற வழியெல்லாம் எனக்குக் கவலைதான். பேருந்து வருமா, வந்தாலும் நிற்குமா, நின்றாலும் உட்கார இடம் இருக்குமா, மயக்கம் வந்துவிடுமா.

வல்லக்கோட்டை வழியாகப் போகும் பேருந்தின் எண் பன்னிரண்டு. நான் பேருந்தின் நிறத்தைப் பார்த்து ஏறுகிறவன் இல்லை. நிறம் மாறும், எண் மாறாது என்பது என் நம்பிக்கை. அன்று பனிக்குள்ளிருந்து முதலில் இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் வந்தன. அப்புறம் முன்கண்ணாடியில் பன்னிரண்டு என்ற எண் வந்தது. அதற்கும் அப்புறம்தான் பேருந்து வந்தது. என்னைத் தாண்டி ஒரு பெண் டிபன் பையோடு ஓடினாள். கதவு திறந்தது. அவள் ஏறினாள், பின்னாலேயே நானும் ஏறினேன். கதவு தானாக மூடிக்கொண்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். டவுன் பஸ்ஸின் கதவு தானாக மூடிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

உள்ளே நீல நிறத்தில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விடாமல் எல்லோரும். இளம் பிள்ளைகள், ஒரே நிறச் சட்டை. ஒருவர் தலை அடுத்தவர் தோளில், அவர் தலை ஜன்னலில். கழுத்தில் தொங்கிய அட்டைகள் வளைவு வரும்போதெல்லாம் ஒன்றாக ஒரு பக்கம் சாய்ந்து ஒன்றாகத் திரும்பின. தேங்காய் எண்ணெய் வாசமும், ஈர ஸ்வெட்டர் வாசமும், யாரோ கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தின் வாசமும் கலந்து வந்தன. ஜன்னல்கள் எல்லாம் வெள்ளையாக மூடியிருந்ததால் பேருந்து ஓடுகிறதா மிதக்கிறதா என்று தெரியவில்லை. நான் டிக்கெட்டுக்குச் சரியான சில்லறையை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு கண்டக்டருக்காகக் காத்திருந்தேன். அவர் வரவில்லை. இந்தப் பனியில் அவரும் எங்கோ ஒரு சீட்டில் தூங்குகிறார் போலும் என்று நினைத்தேன். அதில் எனக்கு வியப்புகூட ஏற்படவில்லை.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது அந்த டிபன் பைப் பெண். இருபது வயது இருக்கும். அவள் மட்டும் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மார்கழி ஆயிற்றே, சாமி பாட்டு என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன். இங்கிலீஷ். ஒன்று சொல்லி ஒரு விரலை மடக்குகிறாள், இன்னொன்று சொல்லி இன்னொரு விரல். நான்கு விரல் மடங்குகிறது. கட்டைவிரல் மட்டும் நிமிர்ந்தே நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். இப்படி ஏழு தடவை. ஒரு கூட்டல் முடியாமல் பாதியில் நின்றால் எனக்கு உடம்பே கூசும்.

"ஏம்மா, அந்தக் கட்டைவிரல் மட்டும் ஏன் மடங்க மாட்டேங்குது?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். உடனே முகம் முழுக்க ஒரு சிரிப்பு வந்தது. "அதான் தாத்தா வர மாட்டேங்கு. அஞ்சு சொல்லணும். எனக்கு நாலுதான் வருது."

என்ன அஞ்சு என்று கேட்டேன். எமோஷனல் இன்டெலிஜென்ஸ் என்றாள். தன் மனசையும் அடுத்தவங்க மனசையும் புரிந்து நடந்துகொள்வதாம், அதற்கு ஐந்து அங்கங்களாம். வாரம் ஒருநாள் கம்பெனியிலேயே வகுப்பு எடுக்கிறார்களாம்.

"அதுக்கு எத்தனை மார்க்கு?"

"நூத்துக்கு இருவத்தஞ்சு."

"அப்போ ஒண்ணுக்கு அஞ்சு. நாலு சொன்னாலே இருபது கெடைக்குமே."

"போன வருஷம் எனக்கு இருவத்தஞ்சுக்கு ரெண்டு தாத்தா" என்றாள், அதே சிரிப்போடு.

பிறகு அவளே மெதுவாக, முன்சீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடாத குரலில் சொன்னாள். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறவர். டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரகடத்தில் காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் இரண்டு வருடப் பயிற்சிக்கு வந்தவள். நான்கு பெண்களோடு ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறாள். பயிற்சிக்கு வந்தவர்களில் இரண்டு பேரைக் கம்பெனியே பணம் கட்டிப் பட்டப்படிப்புக்கு அனுப்பும். வாரத்தில் மூன்று நாள் கல்லூரி, மூன்று நாள் வேலை. படித்து முடித்தால் நிரந்தர வேலை. போன வருடம் எழுத்துத் தேர்வில் இவள்தான் முதல். நேர்முகத்தில் ஓர் அதிகாரி வேண்டுமென்றே குரலை உயர்த்திச் சத்தம் போட்டிருக்கிறார், எப்படித் தாங்குகிறாள் என்று பார்க்க. இவள் சிரித்திருக்கிறாள். அவர் இன்னும் சத்தம் போட்டிருக்கிறார். இவள் இன்னும் சிரித்திருக்கிறாள். திமிர் பிடித்த பெண் என்று எழுதிவிட்டார்கள்.

இன்று காலை ஒன்பது மணிக்கு மறுபடி நேர்முகம். இதுதான் கடைசி வாய்ப்பு. கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் பயிற்சி முடிகிறது, கழுத்து அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போக வேண்டும். அதற்கும் மேலே ஒரு நிபந்தனை. மூன்று மாதத்தில் ஒருநாள்கூட ஆறு மணிக்குப் பிறகு வாசல் கருவியில் அட்டை தேய்த்திருக்கக் கூடாது. தேய்த்தால் நேர்முகத்துக்கே கூப்பிட மாட்டார்கள். இதுவரை ஒருநாளும் தவறவில்லை.

"சிரிக்கேன்னு எனக்கே தெரியும் தாத்தா. நிறுத்த முடியல. பயம் வந்தா சிரிப்பு வந்துருது. ஸ்கூல்லயும் அதுக்குத்தான் அடி வாங்கியிருக்கேன்."

அதை அவர்களிடமே சொல்லிவிடலாமே என்றேன்.

"பயமா இருக்குன்னு சொன்னா வேல குடுப்பாவளா தாத்தா?"

ஜன்னலைக் கையால் துடைத்து வெளியே பார்த்தேன். பனிக்குள் ஒரு வளைவு, அதன் மேல் விளக்கு வைத்த மயிலும் வேலும், மெதுவாக நீந்திப் போயின. அவ்வளவு அழகாக அந்த வளைவை நான் பார்த்ததில்லை. அது போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான், அது வல்லக்கோட்டை வளைவு என்பதும், நான் அங்கே இறங்க வேண்டியவன் என்பதும் உறைத்தது.

கண்டக்டர் எங்கே என்று அவளைக் கேட்டேன். அவள் என்னையும், அர்ச்சனைப் பையையும், உள்ளங்கையில் வேர்த்துப்போயிருந்த சில்லறையையும் பார்த்தாள். "தாத்தா, இது டவுன் பஸ் இல்ல. கம்பெனி பஸ்லா. நீங்க மாறி ஏறிட்டிய."

எழுந்துபோய் டிரைவரிடம் சொன்னாள். டிரைவர் எங்கள் பக்கத்து ஆள். பேச்சிலேயே தெரிந்தது. "உங்க தாத்தா ஏதோ கூட வர்றார்னு நெனச்சிகினு கதவத் தொறந்தேன்மா. வழியில நிறுத்தினா ஜிபிஎஸ்ல காட்டிடும், எனக்கு ஃபைன். கேட்டாண்ட எறங்கட்டும், இதே வண்டியில திரும்ப இட்டுனு வந்து வுட்டுடறேன்" என்றார்.

அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் நான் தப்பான பேருந்தில் ஏறியதே இல்லை. மனம் பதற வேண்டும். ஆனால் அந்தச் சூட்டில், அத்தனை பேர் மூச்சுக்கு நடுவில், ஏனோ பதறவில்லை. வெளியே ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. விளக்குகள் மட்டும் தெரிந்தன, சுவர்கள் தெரியவில்லை. பனிக்கடலில் நங்கூரம் போட்ட கப்பல்கள் போல இருந்தன. ஒரு நீளமான டிரெய்லர் லாரி எங்களோடு கொஞ்ச தூரம் கூடவே வந்தது. அதன் முதுகில் புதுக் கார்கள் வெள்ளைத் துணி போர்த்தித் தூங்கின. எத்தனை கார் என்று நான் எண்ணவில்லை. எண்ணவில்லை என்பதே பல நாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

ஐந்து நாற்பத்து நான்குக்குப் பேருந்து ஆலை வாசலில் நின்றது. மணி அடித்ததுபோல எல்லோரும் ஒரே நேரத்தில் கண் விழித்தார்கள். வரிசையாக இறங்கி, சுழல்கதவில் அட்டையைத் தேய்த்து, பனிக்குள் போய் மறைந்தார்கள். குருவிக் கூட்டம் போல அந்தக் கருவி கீக்கீக்கென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது. வாசலில் மிஞ்சியது நான், டிரைவர், அந்தப் பெண்.

வாசல் காவல் பொறுப்பாளர் தொப்பிக்கு மேலே மப்ளர் கட்டியிருந்தார். ஐம்பது வயது இருக்கும். என் அட்டையைக் கேட்டார். இல்லை என்றதும் முகம் மாறிவிட்டது. போன மாதம் யாரோ கம்பெனி பேருந்திலேயே உள்ளே வந்து செம்புக் கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டானாம். அதற்காகக் காவலில் இரண்டு பேரை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்களாம். இனி அட்டை இல்லாமல் ஒரு ஆளை ஏற்றி வந்தால் வண்டியை நிறுத்தி, டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். டிரைவரின் முகம் வெளுத்துவிட்டது. தனக்கு ஒன்றும் தெரியாது, அந்தப் பெண்ணோடுதான் பெரியவர் ஏறினார் என்றார்.

சுழல்கதவு அவளிடமிருந்து பத்தடி. மணி ஐந்து ஐம்பது. அவள் போயிருக்கலாம். நான் யாரோ. டிரைவர் யாரோ. அவள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அங்கேயே நின்றாள்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. வங்கியில் பேசிய குரலில் ஆரம்பித்தேன். பன்னிரண்டு என்ற எண் எந்தக் கம்பெனிக்கும் சொந்தம் இல்லை, அரசுப் பேருந்தின் எண்ணையே கம்பெனி வண்டிக்கும் வைத்தால் குற்றம் வைத்தவர் மேல், முதலாவது இது, இரண்டாவது இது, மூன்றாவது இது என்று அடுக்கினேன். அடுக்க அடுக்கக் காவலருக்குச் சூடு ஏறியது.

"ரூல்ஸ் பேசறியா பெருசு? ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டேன்னா அங்க போய் பேசு உன் ரூல்ஸ" என்றார்.

வாசல் கதவின் கம்பிகளை எண்ணினேன். இருபத்திரண்டு வந்தது. மறுபடி எண்ணினேன், இருபத்தொன்று. அந்த ஒரு கம்பி எங்கே போனது என்று தேடிக்கொண்டே இருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "உங்க தாத்தாவா இது?"

அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா சிரிக்கிற? நான் இன்னா இங்க காமெடி பண்ணினு கீறனா?"

சிரிப்பு இன்னும் அகலமானது. அவள் கையில் இருந்த டிபன் பைக்குள் மூடி ஒன்று டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. கை அவ்வளவு ஆடியது. அவருக்கு அது கேட்கவில்லை. அவர் சிரிப்பைத்தான் பார்த்தார். "டிரெய்னியா நீ? கார்டு நம்பர் சொல்லு. ஆட்டிட்யூட் சரியில்லன்னு எழுதி அனுப்பறேன்" என்று பேனாவை எடுத்தார். அவர் எழுதினால் ஒன்பது மணி நேர்முகம் அங்கேயே முடிந்தது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் டிபன் பையைத் தரையில் வைத்தாள். அவருக்குப் பதில் சொல்லவில்லை. முதலில் என் பக்கம் வந்தாள்.

"தாத்தா, காலைல ஏதும் சாப்டியளா?"

இல்லை, கோயிலுக்குப் போகிறவன் என்றேன். சுகர் இருக்கிறதா என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். காவலரின் பிளாஸ்டிக் நாற்காலியை அவரைக் கேட்காமலே இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தாள். அர்ச்சனைப் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து, உரித்து, கையில் கொடுத்தாள். சாமிக்கு வாங்கினது என்றேன்.

"முருகன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். முழுங்குங்க."

நான் பாதிப் பழம் தின்னும்வரை பார்த்துவிட்டுத்தான் அவர் பக்கம் திரும்பினாள். இன்னும் முகத்தில் சிரிப்பு. ஆனால் குரல் வேறாக இருந்தது.

"அண்ணாச்சி, நான் சிரிக்கல. எனக்குப் பயம் வந்தா மூஞ்சி இப்படி ஆயிரும். இப்ப ரொம்பப் பயமா இருக்கு."

அவர் பேனா நின்றது.

"உங்களுக்கும் பயம்தான் அண்ணாச்சி. போன மாசம் ரெண்டு பேர எடுத்துட்டாவல்லா. இதுல தப்பே இல்ல. உங்களுக்கு அது கோவமா வருது. எனக்கு சிரிப்பா வருது. தாத்தாவுக்கு நம்பரா வருது."

பனி எங்கள் நாலு பேருக்கும் நடுவில் வந்து நின்றதுபோல இருந்தது. அப்போது பின்னாலிருந்து டிரைவர் மெல்லிய குரலில் சொன்னார்:

"எனக்கு ஒண்ணுக்கு வருதும்மா."

காவலர் சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தார். மப்ளரை வாய்மேல் இழுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்புறம் அடக்க முடியாமல் வெடித்துவிட்டார். "போய்யா, போய்த் தொல. வண்டியக் கெளப்பாம வந்து நில்லு" என்று டிரைவரை அனுப்பினார். எனக்கும் சிரிப்பு வந்தது. வாயில் பழத்தோடு சிரித்துப் புரையேறியது.

சிரித்து முடித்தபோது சுழல்கதவுக்கு மேலே இருந்த கடிகாரத்தில் ஆறு மணி இரண்டு நிமிடம். கருவியில் பச்சை விளக்கு போய் சிவப்பு வந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். மறுபடி முகம் முழுக்க அந்தச் சிரிப்பு. மூன்று மாதம் ஒருநாளும் தவறாதவள், என்னால் தவறிவிட்டாள்.

காவலர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார்.

"பயப்படாத" என்றார்.

சிரிக்காதே என்று சொல்லவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் அதே சிரிப்பைப் பார்த்துப் பேனாவை எடுத்தவர். அந்த ஒரு சொல்லை அவர் மாற்றிச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

கம்பெனி பேருந்து தாமதமாக வந்தால் அதில் வந்தவர்கள் பேரில் தப்பு இல்லை என்பதால், வாசலில் 'பஸ் லேட்' என்று ஒரு சீட்டுக் கொடுப்பார்களாம். அந்தச் சீட்டு இருந்தால் ஆறு மணிக்கு மேலே போனாலும் கணக்கில் வராது. அவர் அந்தச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். அதே பேருந்தில் வந்தவர்கள் எல்லோரும் கால் மணி நேரத்துக்கு முன்பே உள்ளே போய்விட்டார்கள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார், எழுதியதை வாய்விட்டுப் படித்தார்: "ரூட் பன்னெண்டு. பஸ் லேட். ஆளு ஒண்ணு. காரணம்..." கொஞ்சம் யோசித்து வெளியே பார்த்தார். "பனி."

கிழித்துக் கொடுத்தார். "ஓடு. ஒம்போது மணிக்கு உள்ள எவனாவது கத்தினா, என்னாண்ட சொன்னத அங்கயும் சொல்லு" என்றார். அவள் இன்டர்வியூ விஷயத்தை நான்தான் பழம் தின்றுகொண்டே அவரிடம் சொல்லியிருந்தேன். அவள் இரண்டு எட்டு ஓடிவிட்டுத் திரும்பி வந்து, என் பையிலிருந்து தனக்கும் ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு ஓடினாள். பனி அவளை மூடிக்கொண்டது. பெயர்கூடக் கேட்கவில்லை.

இரவு ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு பேருந்து திரும்ப ஆறரை ஆகும் என்றார்கள். ஆலை வாசலில் ஒரு சின்னப் பிள்ளையார் இருந்தார். இனி வல்லக்கோட்டைக்கு எங்கே போவது என்று, காவலரும் நானும் தேங்காயை அங்கேயே உடைத்தோம். அர்ச்சனை யார் பேருக்கு என்று அவர் கேட்டார். அவள் பேரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. ரூட் பன்னிரண்டு என்று சொல்லிக் கற்பூரம் ஏற்றினேன். டிக்கெட்டுக்கு என்று அவ்வளவு நேரம் பிடித்திருந்த சில்லறையைப் பிள்ளையார் உண்டியலில் போட்டேன். மிச்ச நாலு பழத்தில் காவலருக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று. இரண்டு வீட்டுக்கு.

திரும்பும்போதும் பேருந்தில் எல்லோரும் தூங்கினார்கள். பக்கத்தில் இருந்த பையனின் தலை என் தோளில் சாய்ந்தது. வலித்தாலும் நான் அசையவில்லை. அவள் சொன்ன 'நம்பரா வருது' என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனை கல் பதித்திருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். மகள் பிறந்த இரவில் கூரையில் எத்தனை சட்டம் என்று தெரியும். நான் கணக்கில் கெட்டிக்காரன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் வந்துசேரும்போது வெயில் ஏறி, எதிர்ப்பக்கத்து ஆறு கம்பங்களும் தெளிவாகத் தெரிந்தன. வீட்டில் மனைவி பிரசாதம் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். டிரைவர் சொன்ன இடம் வந்ததும் முழங்கால் வலியை மறந்து சிரித்தாள்.

அவளுக்கு இடம் கிடைத்ததா என்று தெரியாமல் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. மாசி மாதம் பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை, அதே நேரத்துக்கு அதே நிறுத்தத்தில் போய் நின்றேன். பனி இல்லை, லேசான குளிர்தான். பன்னிரண்டு வந்தது. நான் கையைக் காட்டினேன். கதவைத் திறந்த டிரைவர் என்னைப் பார்த்ததும், "பெருசு, இது கம்பெனி பஸ்ஸு, ஏறிடாத" என்றார்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டேன்.

"அதுவா? அதுக்கு இப்போ வாரத்துல மூணு நாளு காலேஜி. இன்னிக்கி காலேஜ் நாளு, அந்த பஸ்ஸுல போயிடுச்சி. நீ வந்து கேப்பேன்னு அதுக்குத் தெரிஞ்சி கீது. தாத்தாகிட்ட சொல்லிடுங்கன்னு சொல்லி வச்சிட்டுப் போச்சு."

உள்ளே ஒருத்தர் கத்தினாராம். சிரிப்பு வந்ததாம். "சார், இது பயம், கோவிச்சுக்காதீங்க, நீங்க கேளுங்க, நான் பதில் சொல்லுதேன்" என்றாளாம். கத்தினவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாராம்.

"ஆனா அந்த அஞ்சுல நாலுதான் சொன்னுச்சாம் பெருசு. கட்டைவிரலு கடைசி வரைக்கும் மடங்கவே இல்லன்னு சொல்லச் சொல்லிச்சு. ரூம விட்டு வெளிய வந்ததுக்கப்புறம்தான் ஞாபகம் வந்துச்சாம். அடுத்தவங்க மனசு இன்னான்னு புரிஞ்சிக்கிறதாம், அதான் மறந்துபோன ஒண்ணு."

கதவு மூடிக்கொண்டது. நீல விளக்கோடு பேருந்து போனது. உள்ளே எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்போதும் கம்பத்தையோ படியையோ என்னையறியாமல் எண்ணத் தொடங்கினால், பாதியில் நிறுத்திவிட்டு, இப்போது எதற்குப் பயப்படுகிறேன் என்று என்னையே ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்; எதிரில் யாராவது கத்தினாலும் சிரித்தாலும் அவர்களுக்காகவும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன்; இந்த ஒரு கேள்வி என் கைக்கு வர ஆன செலவு, அர்ச்சனைச் சாமான் தொண்ணூறு, உண்டியலில் போட்ட டிக்கெட் சில்லறை பதினைந்து, ஆக 'அவசியம்' என்ற தலைப்பில் நூற்றைந்து ரூபாய்.